குறைந்த பீப்பாய்

"அம்மா, மனுசி போய்ப் பதினாலு மாசம். ரேடியோ வாங்கி வைச்சன். ரெண்டு குடும்பத்தை வீட்டில குடிவைச்சன். நாயும் வளத்தன். வெறுமை அப்பிடியே கிடக்குது. இதை எதால நிரப்புறது?"

கேட்டவர் மனைவியை இழந்த தில்லைநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபது. பிரான்சில், போர்தோ ஒயின் கிடங்குகளில் இருபது வருடம் உழைத்தவர்.

பதில் சொல்ல வேண்டியவள் ஃபிலோமின். காரைக்காலில் பிறந்து, பிரான்சின் கிழக்கே ஜுரா மலையடிவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அங்கே ஒயின் செய்கிறவள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஒயின் கற்க அவளிடம் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் புலம்பத்தான் செய்வார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது.

"வேலை தரேண்ணே. செய்யுங்க."

அக்டோபர் கடைசி. மற்ற திராட்சையெல்லாம் பறித்து முடிந்திருந்தது. சாம்பல் நிறக் களிமண் சரிவில் சவான்யான் என்ற வகை மட்டும் இன்னும் கொடியில் தொங்கியது. அவசரமே தெரியாத பழம் அது. தில்லைநாதன் முதுகு ஒடியப் பறித்தார்.

பிறகு நிலவறையில் ஒரு பீப்பாயைக் காட்டினாள். உள்ளே மஞ்சள் ஒயின், மூன்று வருடமாக ஊறுகிறது.

"இத பாத்துக்குங்க. மூடியத் திறக்கக் கூடாது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

தட்டிப் பார்த்தார். மேல்பக்கம் காலியாய் டொங்கென்றது.

போர்தோவில் வாராவாரம் பீப்பாயை விளிம்புவரை நிரப்புவார்கள். காற்றுப் பட்டால் ஒயின் கெடும். குறைந்த பீப்பாய் அங்கே வேலைக்காரனுக்கு அவமானம்.

'நல்லாப் பாக்கிற லட்சணம்!' என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது வாரம் மனம் கேட்கவில்லை. மூடியைத் திறந்து, அதே திராட்சையின் ஒயினைக் கொண்டுவந்து வழிய வழிய ஊற்றினார். பதினாலு மாதத்தில் அன்றுதான் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று மாலையே போய்ப் பெருமையாகச் சொன்னார்.

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"மேல வெள்ளையா ஆடை மாதிரி ஒண்ணு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"பூஞ்சணம் எண்டு நினைச்சன். ஊத்தின வேகத்தில உடைஞ்சு அடியில தாண்டுபோச்சு."

"அதுதாண்ணே மூணு வருசமா காத்து படாம ஒயினக் காப்பாத்துச்சு. குறைஞ்ச எடத்துலதான் அது வளரும்."

அவர் முகம் செத்துப்போனது.

"அப்ப... கெட்டுப்போச்சோ?"

"கெடல. இனிமே இது மஞ்சள் ஒயின் ஆகாது, சாதாரண வெள்ளை ஒயின்தான். நல்லாத்தான் இருக்கும்."

அவள் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"என்னைத் துரத்திவிடுங்கோ, அம்மா."

அவள் துரத்தவில்லை. மூலையில் இருந்த இன்னொரு பீப்பாய்க்குப் போனாள். ஆறு வருடம் தாண்டியது. ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் ஆவியாகிக் குறைந்து இப்போது அறுபத்திரண்டு சென்டிலிட்டர். அந்த அளவுக்கென்றே இந்த ஊரில் குட்டையான போத்தல் செய்கிறார்கள்.

ஒரு குடுவையில் கொஞ்சம் பிடித்து, கிளாஸில் பாதி ஊற்றி நீட்டினாள்.

அவர் மூக்கருகில் கொண்டுபோனார்.

"வெந்தயம்," என்றார்.

மறுபடி மோந்து பார்த்தார்.

"என்ர மனுசி பவளத்தின்ர சொதி. அதே வாசம். அவ போனாப்பிறகு ஒரு இடத்திலையும் இது எனக்குக் கிடைக்கேல்லை. ஆர் இதுக்குள்ள வெந்தயம் போட்டது?"

"யாரும் எதுவும் போடலண்ணே. ஆறு வருசமா யாரும் எதுவும் ஊத்தவும் இல்ல."

அவர் பீப்பாயைப் பார்த்தார். பிறகு கிளாஸைப் பார்த்தார். அவள் நிற்கிறாளே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதார்.

அழுது முடியும்வரை காத்திருந்து, அவள் குடுவையைத் தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

அவர் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வேண்டாம், அம்மா. குறைஞ்சே கிடக்கட்டும்."