கஜபதி வீட்டுக் கப்பிக்குக் கண்டமே கிடையாது

கலர் மீன் கடை கஜபதி பொய்யே பேச மாட்டான், தூங்கும்போது. அன்னைக்கு நான் என் தொட்டி மீனுக்குப் புழு வாங்கப் போயிருந்தேன். மாவு மில் செண்பகம் அக்கா கையில காலி பிளாஸ்டிக் கவரோட நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க.

"அண்ணே, நீ குடுத்த, முதுவுல கோடு மின்னுற நியான் மீனு ஏழும் போச்சு. எங்க வூட்டுக்காரரு கால் ஒடிஞ்சு கட்டில்ல கெடக்காரு. தொட்டியப் பாத்துதான் அந்த மனுசனுக்குப் பொழுது போவுது. ஒரு மீனு மல்லாந்தா அவருக்கு சோறு எறங்க மாட்டேங்குது. அடுத்தது நான்தான்டின்னு பொலம்பறாரு. சீக்கிரம் சாவாத மீனா ஒண்ணு சொல்லு."

"எம்மா, இதுக்கா அழுவற? வூட்டுக்கு வர்ற கண்டத்த மீனு வாங்கிக்கினு பூடும். உம் புருசன் தலைக்கு வந்தது மீனோட போச்சு. சந்தோசப்படுவியா!"

"அத்த நீ போன தபாவே சொல்லிட்ட. எவ்ளோ நாள் உசுரோட இருக்கும், எவ்ளோ பெருசாவும், அத்த சொல்லு."

கஜபதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான். இன்னைக்கு நமக்குப் புழு கிடைக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"கப்பி மீனு ஊருக்கெல்லாம் ரெண்டு வருசம். என் கப்பிக்கு இப்ப முப்பத்திரண்டு நடக்குது. என் கல்யாணத்துக்கு மறுநாள் வாங்குனது. என் பொண்ணு கல்யாணத்துல, பெரியவங்க கிட்ட ஆசீர்வாதம் வாங்குங்கன்னு அய்யரு சொன்னாரா, பொண்ணு மாப்ள ரெண்டு பேரும் மொதல்ல அது கால்லதான் வுழுந்தாங்க."

"மீனுக்கு ஏதுய்யா காலு?" ன்னேன்.

"வால்ல வுழுந்தாங்கய்யா! நடுவுல பூராத. நியான எடுத்துக்க. உங்க வூட்ல வெரல் நகம் அளவு இருக்குமா? என்னுத மொட்டமாடி டேங்க்ல வுட்டேன், கை நீளத்துக்கு வந்துச்சு. ஒரு தபா கரண்டு போயி, அது முதுவுக் கோட்டு வெளிச்சத்துலதான் தெருவே சோறு துன்னுச்சு. ஈபிக்காரன் வந்து அதுக்கு மீட்டர் மாட்டியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னான்."

"மாட்டுனானா?" ன்னேன்.

"எங்க? அது வெக்கப்பட்டு அடியில பூந்துக்கிச்சு. அட அது கெடக்கட்டும், பாசி துன்ற சக்கர் மீனக் கேளு. கட்டவெரல் அளவுல வாங்கியாந்தேன். தொட்டிய நக்கிட்டு, அப்பால சம்ப்ப நக்கிட்டு, அப்பால கெணறு. வெள்ளம் வந்த வருசம் எங்க தெரு சனம் மொத்தமும் அது முதுவுல குந்திக்கினுதான் மெயின் ரோடு சேந்துச்சு. ஒரு அம்மா எறங்கவே மாட்டேன்னு அடம்! இப்ப புழல் ஏரியில கீது. அது பொரண்டு படுத்தா போதும், ஏரி ரொம்பிடுச்சுன்னு ஓடியாந்து மதகத் தொறக்கறாங்க."

நான் சிரிச்சுட்டேன். அக்கா சிரிக்கல.

"அப்ப உன் மீனு ஒண்ணுகூட செத்ததே இல்ல?"

"என் மீனாவது, சாவறதாவது! ஒண்ணே ஒண்ணு மல்லாந்திருந்தா இந்த மீசைய எடுத்துடறேன்."

"ஓகோ. அப்ப இத்தினி வருசமா உன் வூட்டுக்கு வந்த கண்டத்தயெல்லாம் எந்த மீனு வாங்கிக்கிச்சு? என் வூட்டு ஏழா?"

கஜபதி மீசையைக் கையால மறைச்சுக்கிட்டான்.

அக்கா கவரை மடிச்சு இடுப்புல சொருகினாங்க.

"எனக்கு மீனே வேணாம்ணே. கடையச் சாத்திட்டு நீயே வா. அவரு கட்டிலுக்கு எதுக்கால குந்திக்கினு இதே கதைய சொல்லு. கால் கூடுற வரைக்கும் அவருக்குப் பொழுது போவும். வேளைக்குத் தீனி போட்டுடறேன். தண்ணி மாத்தற வேலகூட கெடையாது."