விழுந்த பழம் பொன்னழகுக்கு

நத்தத்துக்கு அங்கிட்டு ஒரு ஊர்ல ஒரு மாந்தோப்பு இருந்துச்சாம். கால என் மேல போடாமப் படு, சொல்றேன். அந்தத் தோப்புல ஒரு புருசனும் பொண்டாட்டியும். அவன் சீனிச்சாமி, அவ வெள்ளத்தாயி. அவுகளுக்கு ஒத்தப் புள்ள, பொன்னழகு. வாய் ஓயாத குட்டி, உன்னிய மாதிரியே. ம் சொல்லு.

அந்தப் புள்ள காச்சல்ல படுத்துருச்சு. "ஆத்தா, மாம்பழம் தா"ன்னு கேட்டுச்சாம். மரத்துல அப்போ வெறுங்காய்தான். "பழுக்கட்டும் தாயி, மொதப் பழம் உனக்குத்தான்"னு சொன்னா வெள்ளத்தாயி. பழம் பழுத்துச்சு. திங்கப் புள்ள இல்ல.

சின்னப் புள்ளைய எரிக்க மாட்டாகல்ல, தோப்புலயே ஒரு மாமரத்தடியில பொதச்சாக. அன்னியிலேர்ந்து அந்த மரத்துல விழுற பழத்த வெள்ளத்தாயி ஒருத்தரையும் தொட விடல. "இது பூராம் எம்புள்ளைக்கு, அவ திங்கட்டும்"பா. சீனிச்சாமியும் அவ போக்குலயே விட்டுட்டான். பெத்த வயிறு எரியையில யாரு என்னத்தச் சொல்ல? பொத்து பொத்துன்னு பழம் விழும், கெடந்து அழுகும்.

அப்புறம் தோப்புக்குள்ள பழ ஈ வந்துச்சு. பழம் மேல பாத்தா பளபளன்னு இருக்கும், அறுத்தா உள்ள நெளுநெளுன்னு புழு. சீனிச்சாமி புஸ்ஸு புஸ்ஸுன்னு மருந்தடிச்சான். ஈ போன மாதிரி போயிட்டுத் திரும்ப வந்துச்சு. அப்புறம் வேப்பந்தழையப் போட்டு மூட்டம் போட்டான், கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம். அப்புறம் துளசியக் கசக்கி மருந்தோட கொட்டாங்குச்சியில வச்சு மரத்துக்கு மரம் கட்டுனான். அந்த வாசத்துக்கு வந்த ஈ குமிகுமியாச் செத்து விழுந்துச்சு. தொலஞ்சது சனியன்னு நெனச்சா, மறுபடியும் கொய்ங்ங்னு வருது! எங்கிட்டிருந்து வருதுன்னே அவனுக்குப் புரியல.

வெள்ளத்தாயிக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுச்சு. ஒரு நா அந்த மரத்தடியில, புள்ளகிட்ட போயி உக்காந்திருந்தா. அழுகுன பழத்துலேர்ந்து ஒரு புழு டிக்குன்னு துள்ளி மண்ணுக்குள்ள போச்சு. அந்தப் பக்கம் அதே மண்ணக் கீறிக்கிட்டு ஒரு புது ஈ வெளிய வந்து, றெக்கைய ஒணத்திக்கிட்டுப் பறந்துச்சு. அவளுக்குத் திக்குன்னு ஆயிருச்சு. "அம்புட்டும் எம்புள்ள தலமாட்டுலேர்ந்தா வருது?"

சொன்னாளா? சொல்லல. சொன்னா பழத்தப் பெறக்கச் சொல்லுவாகள்ல. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா. தப்புதான். ஆனா அவள வைய எனக்கு வாய் வரல.

தூங்கிட்டியா? ம்.

அப்போ, அந்த ஈ பரவிப்போன பக்கத்துத் தோப்பு மூக்கம்மா, அருவாமனைய வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தா. அவ மக மாம்பழம் கேட்டு அழுகுது. ஒரு பழத்த அறுத்தா, புழு. தூக்கி வீசுனா. இன்னொண்ண அறுத்தா, அதுலயும் புழு. மூணாவதா மரத்துல தேடித் தேடிப் பறிச்ச பழம், அதுலயும் புழு. "நமக்கு ஒரு நல்ல பழங்கூடவா இல்ல ஆத்தா?"ன்னு புள்ள கேட்டுச்சு. "இல்லடி தங்கம், பூராம் போச்சு"ன்னு மூக்கம்மா தலையில அடிச்சுக்கிட்டா. அந்தப் பக்கம் போன வெள்ளத்தாயிக்கு அதுக்கு மேல அங்க நிக்க முடியல. ஓடிவந்தா.

"ஏங்க, மம்பட்டிய எடுங்க."

"எதுக்கு?"

"குழி வெட்டணும். ஆழமா. பொன்னழகு மரத்தடியில கெடக்குற பழத்தப் பூராம் போட்டு மூடணும். ஈ அங்கேர்ந்துதான் வருது."

சீனிச்சாமி அவ மூஞ்சியப் பாத்தான். மம்பட்டிய எடுத்தான்.

சரக்கு சரக்குன்னு தோப்போரத்துல இடுப்பளவுக்கு வெட்டுனான். அவதான் பெறக்குனா, வேற ஆள விடல. கூடை கூடையாக் கொட்டுனா. கடைசிக் கூடைய மட்டும் கொட்டாம நெஞ்சோட கட்டிப்புடிச்சுக்கிட்டா. கையெல்லாம் புழு ஊறுது. "குடுத்தத நானே புடுங்குறேனே, பாவி!"ன்னு ஓன்னு அழுதா. சீனிச்சாமி அவ விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் கூடைய வாங்குனான். அப்புறம் மரத்தடி மேமண்ணக் கொத்திவிடணும், உள்ள கெடக்குற புழு வெயில்ல சாகணும்ல. அதையும் அவளே செஞ்சா. புள்ளைக்கு வலிக்குமோன்னு மெல்லமாக் கொத்துனா.

அடுத்த வருசம் ஈ அடங்கிப்போச்சு. மூக்கம்மா மக கடவாயில சாறு ஒழுக ஒழுக மாம்பழம் தின்னுச்சு. வெள்ளத்தாயியும் சீனிச்சாமியும் தெனம் விடியையில போயி அந்த மரத்தடியில விழுந்ததப் பெறக்குவாக. பெறக்கையில அவ கேப்பா, "ஏங்க, புள்ள நம்மளக் கோவிச்சிருக்குமா?" அவன் குனிஞ்சு பெறக்குவான்.

என்னியக் கேக்காத. எனக்கும் தெரியாது சாமி. கதை தீந்துபோச்சு, கண்ண மூடு.