ஒற்றைக் கம்பிக்கு ஒரு பாலம்

"டீச்சர், சிக்னல் முழுசாக் காட்டுது. ஆனா ஒண்ணும் வரல. அது எப்படி?"

கேட்டவர் மாசிலாமணி. முப்பத்திரண்டு வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கி, போன ஆனியில் ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவர் மெகருன்னிசா. கோத்தகிரிச் சந்தைக்குப் பின்னால் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாசிலாமணியைவிட இருபத்தைந்து வயது இளையவர்.

இந்தத் தலைகீழ்க் கணக்கைப் பார்த்துப் பக்கத்து டீக்கடைக்காரர், "சிஷ்யப்பிள்ளை வந்தாச்சு" என்பார். மாசிலாமணி கோபித்துக்கொண்டதில்லை. தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்படுகிறவன் கம்பத்திலேயே போய்ச் சேருவான் என்பது அவர் வேலையில் கற்றது.

மெகருன்னிசா சால்டரிங் ராடைக் கீழே வைத்தார்.

"கடைசியா உங்க கை என்ன செஞ்சுது?"

அந்தக் கடையில் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். எல்லோரும் சொல்லும் முதல் பதிலும் ஒன்றுதான்.

"நான் ஒண்ணுமே செய்யல டீச்சர்."

மெகருன்னிசா ராடைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

மாசிலாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

போன சனிக்கிழமை இடி இறங்கியது. அவர் வீட்டு ரவுட்டரில் ஐந்து போர்ட். வெளியிலிருந்து நெட் வருவதற்கு ஒன்று, வீட்டுக்குள் கொடுப்பதற்கு நான்கு. இடி விழுந்ததில் நெட் வருகிற போர்ட் செத்துப்போனது. மற்ற நான்கில் இரண்டும் சேர்ந்து போயின.

வேறு யாராவது என்றால் பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் கம்பெனிக்காரன் ஏற்றிக் கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு, வேறொன்றை ஏற்றிக் கொடுத்திருந்தார் மெகருன்னிசா. அதில் எந்தப் போர்ட்டுக்கு எந்த வேலை என்று நாமே சொல்லலாம். அதை மாற்றும் வகையையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

உயிரோடு மிஞ்சியவை இரண்டு. ஒன்றை நெட் வருவதற்கு வைத்தார் மாசிலாமணி. இன்னொன்றைத் தன் கம்ப்யூட்டருக்கு வைத்தார். கம்ப்யூட்டரில் நெட் ஓடியது. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மனைவி கோமளாவின் போனில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"வைஃபை பக்கமே நான் போகல டீச்சர். போர்ட்டை மட்டும்தான் மாத்தினேன்."

"பழுதானப்புறம் என்னென்ன மாத்தினீங்க?"

மாசிலாமணி விரல் விட்டுச் சொன்னார். சேனலை மாற்றியிருந்தார். பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். நாடு என்ற இடத்தில் இந்தியாவை எடுத்துவிட்டு ஜப்பான் என்று போட்டிருந்தார். ஆன்டெனாவை வளைத்திருந்தார். பெட்டியைப் பீரோ மேல் ஏற்றியிருந்தார். கடைசியில் பழுது போனில்தான் என்று முடிவுகட்டி, அதிலிருந்த வைஃபை விவரம் எல்லாவற்றையும் அழித்திருந்தார்.

"ஆறு," என்றார் மெகருன்னிசா. "ஆறையும் பழையபடி வையுங்க. கடைசியா செஞ்சதை முதல்ல. ஒண்ணை வைச்சுப் பார்த்துட்டு அடுத்தது."

"அப்ப சரியாயிடுமா?"

"ஆகாது."

மாசிலாமணி கிளம்பவில்லை. வாசலில் நின்று செருப்பை மாட்டுவதுபோல் கழற்றுவதுபோல் என்னவோ செய்துகொண்டிருந்தார். பிறகு தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

கோமளாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தூத்துக்குடியில் இருக்கும் அக்கா விமலாவுக்கும் அப்படியே. தினமும் நான்கு மணிக்கு அக்காவும் தங்கையும் போனில் முகம் பார்த்துக் கையால் பேசிக்கொள்வார்கள். சின்னதிலிருந்து அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. மாசிலாமணிக்கு அதில் பத்துப் பன்னிரண்டு சொல் தெரியும். சாப்பாடு, மாத்திரை, மழை, ஆட்டோ, அப்படி.

விமலாவுக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. மற்ற கண்ணில் வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். கட்டுப் பிரிக்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் யார் என்ன சொன்னாலும் அவளுக்குப் போய்ச் சேராது.

அதற்கு முன்னால் தங்கையைப் பார்க்க வேண்டும் என்று அவளும், அக்காவைப் பார்க்க வேண்டும் என்று இவளும். கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. வீடு பள்ளத்தில் இருக்கிறது, டவர் எடுக்காது. மேலே ரோட்டுக்கு நூற்றெழுபது படி. கோமளாவின் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. வேறு ரவுட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார், அது சனிக்கிழமைதான் வரும்.

அன்று செவ்வாய்.

மெகருன்னிசா எல்லாவற்றையும் கேட்டார். ஒன்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

"அவங்க நாலு மணிக்குப் பேசறப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"கம்ப்யூட்டர்ல சீட்டாட்டம். அவ சத்தமாச் சிரிப்பா, அதனால கதவைச் சாத்திக்குவேன்."

"சரி. போயிட்டு வாங்க."

மறுநாள் வந்தார்.

"சிஷ்யப்பிள்ளை ஃபெயிலா பாஸா?" என்றார் டீக்கடைக்காரர். மாசிலாமணி தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடைக்குள் போனார்.

ஆறையும் பழையபடி வைத்தாகிவிட்டது. சரியாகவில்லை. ஆனால் இப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. போன் ரவுட்டரைக் கண்டுபிடிக்கிறது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது. அதற்கப்புறம் 'முகவரி பெறுகிறது' என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. நிற்கிறது, நிற்கிறது, விட்டுவிடுகிறது.

மெகருன்னிசாவின் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி வந்தது.

"வாசல் வரைக்கும் வந்தாச்சு. உட்காருன்னு சொல்ல உள்ளே ஆள் இல்ல."

"ஏன் இல்ல?"

"வீட்டுக்காரர் நீங்களா நானா?"

அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் பெயரவில்லை. மாசிலாமணி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனார். கம்பம், கம்பி, கம்பம், கம்பி. கம்பி இருந்தால் கரண்ட் வரும், இல்லையென்றால் வராது. இவ்வளவுதான் உலகம் என்று முப்பத்திரண்டு வருஷம் இருந்துவிட்டார்.

வீட்டில் நான்கு மணிக்குக் கோமளா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை உச்சிப்பொழுது தாண்டி மாசிலாமணி கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"டீச்சர், எனக்குத் தெரியல. நீங்களே வந்து பண்ணிக் கொடுத்துடுங்க."

"வரேன்."

மெகருன்னிசா அப்போதே எழுந்துவிட்டார். சால்டரிங் ராடின் ஸ்விட்சை அணைத்தார். ஆணியில் தொங்கிய குடையை எடுத்தார். இவ்வளவு சுலபமாக வருவார் என்று மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணு மட்டும் அண்ணே. அந்தப் பெட்டிக்குள்ள இப்ப எப்படி இருக்குன்னு ஒரு படம் போட்டுக் காட்டுங்க. தெரியாத வீட்டுக்குள்ள நான் எப்படி நுழையறது?"

ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துக் கொடுத்தார். பென்சிலும் கொடுத்தார்.

மாசிலாமணிக்குப் படம் போடுவது கைவந்தது. எந்தக் கம்பத்திலிருந்து எந்தத் தெருவுக்கு என்று எத்தனை படம் போட்டிருப்பார். ஒரு பெட்டி போட்டார். ஐந்து போர்ட் போட்டார். செத்த மூன்றின் மேலும் பெருக்கல் குறி போட்டார். வெளியிலிருந்து ஒரு கோடு உள்ளே வந்தது. பெட்டியிலிருந்து ஒரு கோடு கம்ப்யூட்டருக்குப் போனது.

"முன்னால இந்த இடத்துல ஒரு பாலம் இருந்துச்சு," என்றார், பெட்டியின் நடுவைக் காட்டி. "வீட்டுப் பக்கத்து நாலு போர்ட்டையும் ஒண்ணாச் சேர்க்கிறது. இப்பத்தான் அந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணு இருக்கே? ஒத்தைக் கம்பிக்கு ஜாயின்ட் எதுக்குன்னு எடுத்துட்டேன்."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. தேவையில்லாத ஜாயின்ட் போடாதே, பழுது அங்கேதான் வந்து உட்காரும். முப்பத்திரண்டு வருஷத்தில் அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

மெகருன்னிசா படத்தைப் பார்த்தார். குடை கையிலேயே இருந்தது.

"அண்ணே, உங்க வீட்டுல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். ஏன் டீச்சர்?"

மெகருன்னிசா அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அதன் மேல் பென்சிலை வைத்தார்.

"இன்னொருத்தரை எங்க காணோம்?"

மாசிலாமணி சிரித்தார். இதென்ன பிரமாதம் என்பதுபோல் பென்சிலை எடுத்து, பெட்டிக்கு வெளியே ஒரு சின்னச் சதுரம் போட்டார். கோமளாவின் போன். அதிலிருந்து ஆன்டெனாவுக்குப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்குள் இறங்கினார்.

அங்கே பென்சில் நின்றது.

எந்தப் போர்ட்டிலும் போய்ச் சேர முடியாது. காற்றில் வருகிறவளுக்குப் போர்ட் ஏது? அவள் வந்து கால் வைக்க உள்ளே ஓர் இடம் வேண்டும். பென்சில் முனை அட்டையைத் தொடாமல், பெட்டியின் நடுவில் சும்மா ஒரு வட்டம் சுற்றியது. முன்பு பாலம் இருந்த இடம்.

"எண்ணும்போது கம்பி இருக்கிறதை மட்டும்தான் எண்ணினேன்," என்றார் மாசிலாமணி.

மெகருன்னிசா குடையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"மூணு மணி பஸ் நிக்குது அண்ணே."

மாசிலாமணி நூற்றெழுபது படியையும் ஓட்டமாக இறங்கினார். கோமளா உள்ளறையில் இருந்தாள். போன் வழக்கம்போல் மடியில் இருந்தது. அவர் நேரே கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தார்.

பாலத்தைத் திரும்பப் போட்டார். உயிரோடிருந்த அந்த ஒற்றைப் போர்ட்டை அதன் கீழே சேர்த்தார். சேமித்தார். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

நான்கு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.

அவர் எழுந்து பார்க்கப் போகவில்லை. கை மவுஸின் மேலேயே இருந்தது. கதவு திறந்திருந்தது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று தெரியாத ஒருத்தியின் சிரிப்பு. ஓட்டுக்கூரையைத் தட்டிவிட்டு, பள்ளத்து மரங்கள் வரைக்கும் போகிற சிரிப்பு. வீட்டில் ஐந்து நாளாக அது இல்லை என்பது மாசிலாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் திரையைப் பார்த்தார். பாலத்தில் சேர்ந்திருப்பவர்களின் பட்டியல் அங்கே திறந்திருந்தது. காற்றில் வந்து சேர்கிறவர்களை அது எழுதுவதில்லை.

அதில் அப்போதும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவருடைய கம்பியின் பெயர்.