இடது பக்கம், இறக்கைக்கு முன்னால்

"ஜன்னலைச் சாத்திப்போட்டாளுங்க அம்மா," என்றார் குழந்தைவேலு. "மலை தெரியற நேரம் பார்த்துச் சாத்திப்போட்டா."

மரகதம்மா நிமிர்ந்து பார்த்தார். காத்மாண்டுவில் யாத்திரைக் கூட்டம் தங்கியிருந்த விடுதி அது. சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாருங்க சாத்துனது?"

"சௌந்தரம். என் சம்சாரம்."

"உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தேழு வயது, அம்மாவுக்கு நாற்பத்தைந்து. ஈரோட்டுப் பக்கத்தில் அவர்களுடைய சின்ன மடத்துக்கு அம்மாதான் குரு. குருவுக்கு வயது பார்க்கிற வழக்கம் அங்கே கிடையாது. மடத்துக்கு வருமுன் அம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பன்னிரண்டு வருஷம் பார்த்துச் சலித்தவர்.

குழந்தைவேலு நெடுஞ்சாலைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் யார் எங்கே பறந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் கடல், எந்த வரிசையில் இறக்கை மறைக்கும், எந்த வரிசையில் ஜன்னல் சீட்டு என்று பேருக்குக் கொடுத்துவிட்டு வெறும் சுவரைக் காட்டுவார்கள், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். அவர் சொல்லி ஏமாந்தவர் கிடையாது. அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

"டில்லியிலிருந்து பிளேன்ல வர்றப்ப இடது பக்கமுங்க. இறக்கைக்கு முன்னால, அஞ்சாவது வரிசை. இந்தத் தடவை எனக்கு இல்லீங்க. அவளுக்குன்னே எடுத்தேன்."

"ஏன் இந்தத் தடவை?"

குழந்தைவேலு குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குக் கண்ணு போகுதுங்க. உள்ளுக்குள்ள அழுத்தமாம். டாக்டர் இன்னும் ஒரு வருஷம்னுட்டாரு. ஓரமெல்லாம் இப்பவே இருட்டிப்போச்சு. நேரா இருக்கறது மட்டுந்தான் தெரியுது. அதுக்குள்ள இமயமலையைக் கண்ணாரப் பார்த்துக்கட்டும்னு..."

ஒரு அவரைக்காயை எடுத்துக் கையில் உருட்டினார்.

"துளி மேகம் இல்லீங்க அன்னிக்கு. முத சிகரம் வந்துச்சு. பாரு சௌந்தரம்னேன். பார்த்தா. ஒரு நிமிசம் இருக்கும். அப்புறம் கையை நீட்டி மறைப்பைக் கீழ இழுத்துட்டா. இறங்கப் போறப்ப அந்தப் பணிப்பெண் வந்து சொல்லித்தான் திறந்தா. அதுக்குள்ள மலையெல்லாம் தாண்டிருச்சு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"வெயில் அடிக்குதுன்னா."

"அடிச்சிருக்கும்."

"எப்படிங்க அடிக்கும்? அது வடக்குப் பக்கமுங்க! வெயில் வராத பக்கமாப் பார்த்துத்தானே எடுத்தேன்!"

அம்மா ஒரு அவரைக்காயின் நாரை உரித்துப் போட்டார்.

"இதுக்கு முன்னால ஜன்னல்ல யாருங்க உக்காருவீங்க?"

"நான்தானுங்க."

"எப்பவுமா?"

"அவளுக்கு வேண்டாமுங்க. நான் கேட்காத ஆளில்ல. கல்யாணம் ஆன புதுசுல ஊட்டி ரயில்லயே கேட்டேன். 'வேண்டாம், நீங்களே உக்காருங்க'ன்னுட்டா. அந்தமான் போனப்பவும் கேட்டேன். லடாக்குல லே போனப்பவும் கேட்டேன். எப்பவும் அதே பதில்தான்."

"லே போறப்ப மலை எப்படி இருந்துச்சுங்க?"

குழந்தைவேலுவின் முகம் மலர்ந்துவிட்டது. மனிதர் வந்த காரியத்தையே மறந்துபோனார். பனி எப்படி மடிந்து கிடந்தது, நடுவில் எப்படி ஒரு ஆறு பச்சையாக ஓடியது, விமானத்தின் நிழல் எப்படி மலைமேல் ஏறி இறங்கியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"அவங்க எப்படிப் பார்த்தாங்க?"

"நான்தான் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டே வந்தேனுங்களே!"

அம்மா அடுத்த காயை எடுத்தார்.

"ஒரு தடவைதான் கேட்பீங்களா?"

"வேண்டாம்னு சொன்னவங்களை எத்தனை தடவைங்க கேட்கறது?"

அம்மா காயை முறித்துப் போட்டார். குழந்தைவேலுவுக்கு ஆற்றாமை பொங்கியது.

"நாப்பது வருஷத்துல அவளுக்குன்னு பார்த்துப் பார்த்து ஒண்ணு செஞ்சேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி பண்ணிட்டா. நாளைக்குத் திரும்பறோம். வலது பக்கம் எடுத்து வெச்சிருக்கேன். அதையும் சாத்திட்டான்னா அவளுக்கு இனி மலையே கிடையாதுங்க. அவ ஏன் சாத்துனா? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

"சாப்பாடு ஆகட்டுங்கண்ணா," என்றார் அம்மா.

சமையல்காரர்களை ஊரிலிருந்தே கூட்டி வந்திருந்தார்கள். காலையில் கோயில் வரிசையில் நின்று வந்த பசி எல்லோருக்கும். கூடத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை இலை போட்டார்கள். அன்றைக்கு அம்மாவே பரிமாற வந்தார்.

நம் பக்கத்துப் பந்தியில் போதும் என்று சொன்னால் யாரும் நிறுத்துவதில்லை. சொல்கிறவரும் நிறுத்துவதற்காகச் சொல்வதில்லை. இலைக்குக் குறுக்கே கையை நீட்ட வேண்டும். பரிமாறுகிறவர் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி தள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒழுங்காகச் செய்தால்தான் அது விருந்து.

முதல் இலைக்காரர் "போதுமுங்க அம்மா" என்றார். "அட, சாப்பிடுங்க சும்மா" என்று இரண்டு கரண்டி விழுந்தது. அடுத்த அம்மாள் இலையை இரண்டு கையாலும் மூடினாள். விரல் சந்திலேயே சோறு விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தைவேலுவின் இலையில் ஒரு கரண்டி விழுந்ததும் அவரும் வழக்கப்படி, "போதுமுங்க அம்மா" என்றார்.

அம்மா நகர்ந்துவிட்டார்.

குழம்பு வந்தது. "கொஞ்சமாப் போதுமுங்க." தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஊற்றிவிட்டு நகர்ந்தார். பொரியலுக்கு, "எனக்கு எதுக்குங்க." நகர்ந்தார். பாயசத்துக்கும் நாக்கு முந்திக்கொண்டது. "வேண்டாமுங்க." பாயச வாளி அவரைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனது.

பக்கத்து இலைகளைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். வயிறு காந்தியது. பசியைவிட அவமானம் அதிகமாகச் சுட்டது.

"அம்மா!" குரல் உயர்ந்துவிட்டது. "எல்லாரையும் அள்ளி அள்ளி வெச்சுக் கவனிக்கறீங்க. எனக்கு மட்டும் என்னங்க ஓரவஞ்சனை?"

"வேண்டாம்னீங்களேண்ணா."

"அது சும்மா சொல்றதுதானுங்களே! கேட்ட உடனே யாராவது கொண்டான்னு கையை நீட்டுவாங்களா? இன்னொரு தடவை கேட்பீங்கன்னுதானே..."

அத்தோடு நின்றுபோனார்.

எதிர் வரிசையில் சௌந்தரம் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலையின் ஓரத்தில் இருந்த பொரியல் தெரியாமல் விரலால் துழாவித் தேடினாள்.

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குமேல் குழந்தைவேலு ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் விமானத்தில் ஏறினார்கள். வலது பக்கம், அஞ்சாவது வரிசை. குழந்தைவேலு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீ உள்ள போய் உக்காரு."

"வேண்டாமுங்க. நீங்களே உக்காருங்க," என்றாள் சௌந்தரம்.

"இல்ல, நீ உக்காரு."

"எனக்கு எதுக்குங்க."

பின்னால் பையும் மூட்டையுமாக ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரோ இந்தியில் முணுமுணுத்தார்கள். பணிப்பெண் தூரத்திலிருந்தே கையைக் காட்டினாள். குழந்தைவேலு அசையவில்லை. முந்தின நாள் பசி இன்னும் அவர் வயிற்றில் இருந்தது.

"உக்காரு சாமி," என்றார். "நான் புத்தி கெட்டவன். எத்தனையோ தடவை கேட்டிருக்கணும். இப்ப கேட்கறேன். நீ உக்காராம நான் உக்கார மாட்டேன்."

நாற்பது வருஷத்தில் அவளை அவர் அப்படிக் கெஞ்சியது கிடையாது. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

சௌந்தரம் தலையைத் திருப்பி அவரை நேருக்கு நேர் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படிப் பார்த்தால்தான் அவளுக்கு முகம் தெரியும். வெகு நேரம் பார்த்தாள்.

"மூணு தடவை கேட்டுட்டீங்க," என்றாள். "அதனால நெசத்தைச் சொல்றேன். வர்றப்ப ஒரு நிமிசம் பார்த்தேனுங்க. அம்புட்டு அழகு. இத்தனை வருஷமா இதெல்லாம் எனக்கு ஒரு கை தூரத்துலயே இருந்துச்சான்னு ஆயிப்போச்சு. அதை இன்னொரு வாட்டி என்னால தாங்க முடியாது."

அவர் கையிலிருந்த பையை அவள் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள போங்க. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."