உப்பில் பதிந்த காலடி

கை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறது. காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். காற்று வந்தால் முறத்தில் இருக்கிற இலை எழும்பிப் பறக்கப் பார்க்கிறது. முழங்கையால் மறைத்துக்கொள்கிறேன். இப்படி இலை எழும்பும்போதெல்லாம் எனக்கு ஆவுடையின் ஞாபகம் வரும். அவள் கதையை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். பெரிய பெரிய சொல்லெல்லாம் எனக்கு வராது. கேட்டுக்கொள்ளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே, கடல் இப்போது இருப்பதைவிட இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு உப்பளம் இருந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். தண்ணீருக்குள் வானம். அந்த வானம் காயக் காய உப்புப் பூக்கும்.

அந்த அளத்தில் உப்பு வாருகிறவள் ஆவுடை. அவள் புருஷன் பலவேசம். கூட மாமியாரும், மாடத்தி என்று ஐந்து வயசு மகளும்.

விடியுமுன்னே எழுந்து ஆவுடை சோறு ஆக்குவாள். முதலில் பலவேசத்துக்கு. அப்புறம் மாமியாருக்கு. அப்புறம் மாடத்திக்கு. மூன்று பேரும் கை கழுவும்போது பானையில் எது இருக்கிறதோ அது அவளுக்கு. சில நாள் அடிச்சோறு இருக்கும். சில நாள் வடிகஞ்சி. சில நாள் பானை கழுவின தண்ணீர்தான். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமலே அவர்கள் கேட்பார்கள், சாப்பிட்டாயா என்று. அவளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

“ஆச்சு.”

கேட்டவர்களுக்கும் நிம்மதி, சொன்னவளுக்கும் நிம்மதி. பானை மூடியை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்படியே இருக்க இருக்க ஆவுடை கனம் குறைந்துகொண்டே வந்தாள். முதல் வருஷம் அவள் காலடி பாதிதான் பதிந்தது. இரண்டாம் வருஷம் விரல்நுனி மட்டும். மூன்றாம் வருஷம் ஒன்றுமே இல்லை. பாத்தியில் அவள் நடந்து போனால் தண்ணீருக்குள் இருந்த மேகம்கூடக் கலையாது.

இங்கேதான் அந்த ஊர்க்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். பாத்தியில் கால் அழுந்தினால் அடிச்சேறு கலங்கும், உப்பு கறுத்துப்போகும். அதனால் கனமில்லாத காலுக்கு அங்கே மதிப்பு அதிகம். அளத்து மேற்பார்வைக்காரர் அவளைப் புகழ்ந்தார். ராஜா வீட்டுக்குப் போகிற வெள்ளை உப்புப் பாத்தியை அவளிடமே விட்டார். பலவேசம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

“என் மருமகளைத் துணியோடு துணியாக் கொடியில காயப்போடலாம்.”

ஆவுடைக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அவளும் கூடச் சிரித்தாள். சிரித்தபோது தரையை விட்டு ஒரு விரற்கடை உயர்ந்தாள். மாடத்தி மட்டும் அதைப் பார்த்தாள். சின்னப்பிள்ளை பார்த்ததை யார் கணக்கில் எடுப்பார்கள்?

ஆடி மாசம் வந்தது. வெள்ளை உப்பைப் பார்க்க ராஜாவே யானைமேல் வந்தார். உச்சிப்பொழுது. எல்லோரும் வரப்பில் கைகட்டி நிற்க, ஆவுடை பாத்திக்குள், உப்பு வாருகிற நீளக் காம்பு வாருபலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது ஒரு காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை. சேலை உப்பினது. கையிலிருந்த பலகை விழுந்தது. பஞ்சு எழும்புகிற மாதிரி, சத்தமில்லாமல், அவள் எழும்பினாள்.

பலவேசம் ஓடிப்போய்ப் பனைநார்க் கயிற்றை வீசினான். அவள் அதை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டாள். பாதிப் பனை உயரத்தில் அப்படியே நின்றாள். கீழே பாத்திக்குள் அவள் நிழல் மீன் மாதிரி அசைந்தது.

வரப்பில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்தால் கரைக்காற்று கிளம்பும். கிளம்பினால் கடல் பக்கம் தள்ளும். கயிறோ பழசு. அதற்குள் இறக்காவிட்டால் ஆவுடை கடலுக்குத்தான்.

அவளை இறக்குகிறவர் கேட்டதைத் தருகிறேன் என்று ராஜா சொன்னார்.

கனம் சேர்ந்தால் இறங்குவாள் என்று பலவேசம் வீட்டுக்கு ஓடி அம்மிக்குழவியைத் தூக்கிவந்தான். கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். குழவியைப் பிடிக்கிற தெம்பு அவள் கையில் இல்லை. அது நழுவிப் பாத்தியில் விழுந்தது.

மாமியார் தன் காலில் கிடந்த வெள்ளித் தண்டையைக் கழற்றினாள். கல்யாண நாளிலிருந்து கழற்றாத தண்டை. அதுவும் மேலே போனது. ஆவுடை மாட்டிக்கொண்டாள். ஆனால் அந்தக் கணுக்காலில் தண்டை நிற்குமா? அதுவும் விழுந்தது.

கடைசியில் ராஜா தன் யானையைக்கொண்டு கயிற்றை இழுக்கச் சொன்னார். யானை ஒரு அடி எடுத்து வைத்தது. கயிற்றில் ஒரு புரி அறுந்தது. மேலே ஆவுடை வலியில் அலறினாள். நிறுத்து நிறுத்து என்று ராஜாவே கையை ஆட்டினார்.

அப்புறம் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வரப்போரத்துப் பனை நிழலில் மத்தியானச் சோற்றுப்பானை திறக்காமல் இருந்தது. மாடத்தி பானையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நிழல் விழுந்த இடத்தில் போய் நின்று கேட்டாள்.

“அம்மா, சாப்பிட்டியா?”

மேலேயிருந்து பழக்கத்தில் பதில் வந்தது. “ஆச்சு.”

“என்ன சாப்பிட்டே?”

ஆச்சு என்று சொல்லி இதற்குத் தப்பிக்க முடியாது. ஆவுடை யோசித்தாள். நேற்றை யோசித்தாள், அதற்கு முந்தின நாளை யோசித்தாள். அளம் முழுக்கக் காத்துக்கொண்டு நின்றது.

“முந்தாநாள் உன் கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் வச்சியே, அது.”

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டான். மாடத்தி பானை மூடியைத் திறந்தாள். சோற்றைப் பிசைந்து மூன்று உருண்டை பிடித்தாள். வாருபலகையின்மேல் வைத்தாள். பலவேசம் நீளக் காம்பைப் பிடித்து உயர்த்தினான். எட்டவில்லை. யானைமேல் ராஜாவுக்குப் பின்னால் ஏறி நின்று உயர்த்தினான். எட்டியது.

ஆவுடை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “விடியலிலிருந்து நீங்கதான் வேலை செய்றீங்க. முதல்ல நீங்க எல்லாரும் சாப்பிடுங்க. நான் கடைசியில பார்த்துக்கிறேன்.”

மாமியார் வரப்பைவிட்டு இறங்கிப் பாத்திக்குள் வந்தாள். தண்டை இல்லாத கால் அவளுக்கே புதுசாக இருந்தது.

“நாப்பது வருசம் நானும் அதையேதான் சொன்னேன். எனக்குப் பசிச்சுது, ஆவுடை. வாயைத் திற.”

ஆவுடை வாயைத் திறந்தாள்.

முதல் உருண்டைக்குப் பறந்த கூந்தல் தோளில் அடங்கியது. இரண்டாம் உருண்டைக்கு உப்பின சேலை காலோடு ஒட்டியது. மூன்றாவதை அவள் மெல்ல மெல்லச் சாப்பிட்டாள், அவசரம் இல்லாமல், சின்ன வயசில் சாப்பிட்ட மாதிரி. அதுவரைக்கும் அங்கே ஒருத்தரும் ஒரு பருக்கையைத் தொடவில்லை. அவள் குதிகால் உப்பில் இறங்கியது.

ஐந்து விரலும் குதியும் ஆழமாகப் பதிந்தன. சேறு கலங்கியது. உப்பு கறுத்துப்போச்சே என்று மேற்பார்வைக்காரர் முனகினார். ராஜா யானையைவிட்டு இறங்கி, அந்தக் காலடியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டார். கறுத்தாலும் கரிக்கத்தான் செய்கிறது என்றார்.

மாடத்தியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் பட்டுப்பாவாடை கேட்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். உச்சிப்பொழுதில் அளத்தில் வேலை நிற்கணும், எல்லாரும் உட்காரணும், அம்மாவும் உட்காரணும் என்று அவள் கேட்டாள். ராஜா கொடுத்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை. மறுநாள் காலையில் ஆவுடை மறுபடி ஒரு விரற்கடை மிதந்தாள். ஒரு நாள் சோற்றின் கனம் ஒரு நாளைக்குத்தான். அது அந்த வீட்டுக்குப் புரிந்தது. அன்றையிலிருந்து பானை திறந்தால் ஆக்கினவளும் சரிசமமாக உட்கார்ந்தாள். அப்புறம் அந்த ஊரே அப்படி ஆனது. அந்த ஊர் உப்பு கொஞ்சம் கறுப்புத்தான். அதில் ஆக்கின குழம்பு ருசியாக இருக்கும் என்பார்கள்.

ஆகையால், வீட்டுக்கெல்லாம் சோறு போடுகிறவள் “ஆச்சு” என்று சொன்னால், அதோடு விட்டுவிடாமல் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, அவளையும் கூட உட்கார வைத்துச் சாப்பிட வேண்டும்.

கீரையும் ஆய்ந்தாச்சு. இந்தக் கதையைச் சொன்னால், நீ இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று என்னையே நீங்கள் கேட்பீர்கள். அது வந்து, காலையில், இதோ வாசலில் அவர் கூப்பிடுகிறார், பிள்ளையும் எழுந்துவிட்டான், கொஞ்சம் இருங்கள், காலையில் நான்