கிணற்றைத் தாண்டிய ஆமணக்கு முத்து

“விழு” என்றது மண்.

“மாட்டோம்” என்றாள் பெரியவள்.

ஆமணக்குக் காய்க்குள் மூன்று அறை, அறைக்கு ஒரு முத்து. இந்தக் காய்க்குள் இருந்தவர்கள் பெரியவள், நடுவுலான், கடைசியாக வரியன். மூன்று பேரும் முற்றிவிட்டார்கள். காம்பை விட்டு இறங்க வேண்டிய நேரம். இறங்கினால் கீழே கிணறு.

அந்தக் காலத்தில் மண்ணும் பேசும், செடியும் பேசும், காய்க்குள் கிடக்கிற முத்தும் பேசும். அதனால் மண் போட்ட உத்தரவு எல்லோர் காதிலும் விழுந்து தொலைத்தது. காம்பை விட்டது எதுவானாலும் நேர் கீழே வர வேண்டும். மாங்காய் அப்படித்தான் வந்தது. வேப்பம்பழமும் அப்படித்தான். பனம்பழமும் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அப்படியே வந்தது.

அவர்களுக்கு என்ன, கீழே தரை இருந்தது. இந்த மூன்று பேரின் அம்மா முளைத்து நின்றது கிணற்றுச் சுவரின் செங்கல் வெடிப்பில். கொப்பெல்லாம் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மழை முடிந்து கிணறு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. காய் முற்றும், மெதுவாக வாயைத் திறக்கும், முத்து விழும், முழுகும், அழுகும். போன வருஷமும் இதே கதை. இந்த வருஷம் இதுவரை முப்பத்தேழு பேர். எண்ணிக்கொண்டிருந்தது கிணற்றுத் தவளை.

“இன்னும் எத்தனை பேருப்பா மேல?” என்று அது கத்தும். “சொல்லிட்டு விழுங்க. தலையில விழுறீங்க.”

அம்மா தயங்கினாள். “உத்தரவுன்னு ஒண்ணு இருக்கே கண்ணு.”

“முப்பத்தேழு பேரை முழுகடிச்சது உத்தரவா?” என்றாள் பெரியவள். “அம்மா, இந்தத் தடவை நீ காயோட வாயைத் திறக்காதே. இறுக்கி மூடிக்கோ.”

அம்மா மூடிக்கொண்டாள். நாலு நாள் வெயில் அடித்தது. காயின் பச்சை போனது. தோடு காய்ந்து, முறுக்கிக்கொண்டு, உள்ளே இருந்தவர்களை நெருக்கியது. வலித்தது. மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

நாலாம் நாள் உச்சி வெயிலில் பெரியவளின் அறை வெடித்தது. டப்! தண்ணீர் மட்டத்துக்கு இணையாக, குறுக்கே, அக்கரையைப் பார்த்துப் பாய்ந்தாள். அதுவரை எந்த முத்தும் குறுக்கே போனதில்லை. அந்தச் சத்தத்தில் பயந்துபோய், அதே உயரத்தில் இருந்த பக்கத்துக் காய் ஒன்று வாயைத் திறந்துவிட்டது. அதிலிருந்த முத்து உத்தரவுப்படி நேர் கீழே விழுந்தது.

டொப்.

“முப்பத்தெட்டு” என்றது தவளை. பிறகு எட்டிப் பார்த்தது. “அட, ரெண்டு பேரா? ஒரு சத்தம்தானே கேட்டுச்சு!”

இரண்டு பேர்தான். ஒருத்தன் கொப்புக்கு நேர் கீழே முழுகினான். பெரியவள் அக்கரைக்கு ஒரு சாண் முன்னால் முழுகினாள்.

மண் சிரித்தது. “எவ்வளவு வேகமா ஓடினா என்ன? அவன் விழ எவ்வளவு நேரமோ, அதே நேரம்தான் உனக்கும்.”

நடுவுலானுக்கு மூக்குக்கு மேல் கோபம். “கீழ வர்றவங்களைத்தானே பிடிக்கறே? நான் மேல போறேன், வா பார்ப்போம்” என்றான். அம்மா காம்பை நிமிர்த்திக் கொடுத்தாள். டப்! போனான், போனான், உச்சி இலையைத் தாண்டிப் புள்ளியாகிப் போனான். அங்கே ஒரு கணம் நின்றான். பிறகு திரும்பினான். தவளை ஒரு ஈயைப் பிடித்து, விழுங்கி, கண்ணை மூடித் திறந்த பிறகுதான் சத்தம் கேட்டது. கொப்புக்கு நேர் கீழே.

“நாப்பது” என்றது தவளை. இந்தத் தடவை அது கத்தவில்லை.

காய்க்குள் வரியன் மட்டும் மிச்சம். அழுதான். அழுதுகொண்டே யோசித்தான்.

“தவளை மாமா, அண்ணன் விழ எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரொம்ப நேரம்டா. ஒரு ஈயை முழுசா முழுங்கிட்டேன்.”

“அக்காவுக்கு?”

“நாக்கை நீட்டக்கூட நேரமில்ல.”

“ஆனா அக்கா கிட்டத்தட்ட போயிட்டாளே மாமா. இந்த மண்ணு அவளைக் கீழதான் இழுத்துச்சு. குறுக்கே போனதை அது தொடவே இல்ல. கூட ஒரு இமைப்பொழுது கிடைச்சிருந்தா தாண்டியிருப்பா.”

தவளைக்குப் புரியவில்லை. மண்ணுக்குப் புரிந்துவிட்டது.

“டேய், வாயை மூடிட்டு விழு” என்றது.

“அம்மா, காம்பை அக்கரைப் பக்கம் சாய்” என்றான் வரியன். “அக்கா மாதிரி படுக்கவும் வேணாம், அண்ணன் மாதிரி நிமிரவும் வேணாம். ரெண்டுக்கும் நடுவுல நில்லு.”

“சாய்ச்சே, உன் வேரை விட்டுடுவேன்” என்று மண் அம்மாவை மிரட்டியது.

அம்மா அதுவரை மண்ணை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள். “நீ எங்கே பிடிச்சிருக்கே? என்னைச் செங்கல்லுதான் பிடிச்சிருக்கு.”

காம்பு சாய்ந்தது.

“உன்னை இன்னும் பலமா இழுப்பேன்டா” என்றது மண்.

“பொய். உன்னால முடிஞ்சிருந்தா அண்ணனை அவ்வளவு உயரம் விட்டிருப்பியா? எல்லாரையும் ஒரே மாதிரிதான் இழுக்கறே. அதைத் தவிர உனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“எப்படியும் கீழதானே வரணும் நீ?”

“வரேன். எங்கே வரணும்னு நீ சொல்லாதே.”

டப்!

வரியன் மேலேயும் போனான், குறுக்கேயும் போனான். ஏற ஏற மண் இழுத்தது, ஏற்றம் குறைந்துகொண்டே வந்தது. கிணற்றின் நடுவுக்கு மேலே வந்தபோது ஏற்றம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. கீழே தண்ணீர், அதில் வாயைப் பிளந்துகொண்டு தவளை. ஆனால் குறுக்கே போன வேகத்தில் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அதைப் பிடிக்க மண்ணுக்குக் கை இல்லை. வளைந்து இறங்கினான். அக்கா முழுகிய இடத்தைத் தாண்டினான். கிணற்றின் விளிம்பைத் தாண்டினான். ஆட்டுப் புழுக்கை கிடந்த காய்ந்த தரையில் விழுந்து, இரண்டு முறை உருண்டு நின்றான்.

“ஏய்! தாண்டிட்டான்யா!” என்று தவளை குதித்தது.

“பாத்தியா, விழுந்துட்டே” என்றது மண். அங்கேயும் அதே மண்தானே.

“விழுந்தேன். நீ சொன்ன இடத்துல இல்ல” என்றான் வரியன்.

பெரியவளும் நடுவுலானும் திரும்பி வரவில்லை. முழுகியவர்கள் முழுகியவர்கள்தான். அடுத்த மழைக்கு வரியன் முளைத்தான். மண்ணுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தன் மேல் விழுந்துவிட்டவனுக்குச் சோறு போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அவன் காய்த்தபோது, கீழே நல்ல தரை இருந்தும், ஒரு காயைக்கூட வாய் திறக்க விடவில்லை. “காயட்டும்” என்றான். “வெடிச்சுப் போங்க.”

அன்று முதல்தான் ஆமணக்குக் காய் உச்சி வெயிலில் வெடிக்கிறது, முத்து சாய்வாகக் கிளம்பி வளைந்து போய் விழுகிறது. நேர் கீழே விழு என்று மண் இன்றைக்கும் ஒவ்வொரு காயிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வரியனிடமும் அதைத்தான் சொன்னது. அவன் அப்படி விழவில்லை.