ஒரு பக்கம் மட்டும் கேட்ட வைத்தியர்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று யாருக்கும் நினைவில்லை, ஓர் அரசனுக்கு விசித்திரமான ஆசை வந்தது. அரண்மனை எழுத்தர்கள் காலையில் விகடகவி சடைமுத்துவின் பேச்சைக் கேட்டுச் சிரித்த பிறகே ஏட்டைத் தொட வேண்டும் என்று கட்டளையிட்டான்.

அரண்மனை வைத்தியர் மருந்தீசருக்கு வயிறு எரிந்தது. அரசனின் கடுங்காய்ச்சலை மூன்று முறை தீர்த்தவர் அவர். அப்போதெல்லாம் அரசன் தலையசைத்ததோடு சரி. சடைமுத்து வாயைத் திறப்பதற்கு முன்பே அரசன் முகம் மலர்ந்துவிடுகிறது. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேடிக்கைப் பேச்சு நினைவாற்றலைக் கெடுக்கிறது என்று அவையில் முறையிட்டார். அது உறுதியானால் சடைமுத்துவை நாடு கடத்த வேண்டும் என்றும் கேட்டார்.

அரசன் சோதனைக்கு ஒப்பினான். குலுக்கல் போட்டு, பத்து எழுத்தர்கள் வேடிக்கை கேட்க வேண்டும், பத்துப் பேர் கேட்கக் கூடாது. பிறகு ஆளுக்கு முப்பது சொற்களைச் சொல்லி, நினைவில் நின்றவற்றைக் குழுவாரியாகக் கூட்டி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிறு ஏற்றத்தாழ்வு தற்செயலாகவும் வரும் என்பதால், கூடினாலும் குறைந்தாலும் இருபது சொல் வித்தியாசம் இருந்தால்தான் செல்லும் என்றான்.

வைத்தியருக்கு இருபது அதிகமாகப் பட்டது. குறைகிறதா என்று மட்டுமே தாம் கேட்பதாகவும், கூடுகிறதா என்பது தமக்குத் தேவையில்லை என்றும், தற்செயல் ஏமாற்ற ஒரு பக்கம்தான் மிஞ்சுவதால் பதினைந்தே போதும் என்றும் வாதாடினார். சடைமுத்து மறுக்கவில்லை. அதை அப்படியே ஓலையில் எழுதி முத்திரையிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

சோதனை முடிந்தது. வேடிக்கை கேட்டவர்கள் மற்றவர்களைவிட மொத்தம் பதினெட்டுச் சொற்கள் அதிகமாகச் சொல்லியிருந்தார்கள்.

வைத்தியர் எழுந்தார். "மன்னா, பதினைந்தைத் தாண்டிவிட்டது. கூடினாலும் குறைந்தாலும் புத்தி நிலைமாறியது உண்மை. இவனை அனுப்பிவிடுங்கள்."

அரசன் தயங்கினான். சடைமுத்து ஓலையை நீட்டினான்.

"குறைந்தால் என்றுதான் இதில் இருக்கிறது, மன்னா. குறையவில்லை. இரண்டு பக்கமும் கேட்டிருந்தால் எல்லை இருபது. பதினெட்டு அதை எட்டவில்லை. விடை தெரிந்த பிறகு கேள்வியை மாற்றலாம் என்றால் வைத்தியர் ஒருநாளும் தோற்க மாட்டார்."

"அப்படியானால், உன் பேச்சு நினைவை வளர்க்கிறது என்று முரசறைவிக்கட்டுமா?"

"வேண்டாம், மன்னா. அதை யாரும் கேட்கவில்லையே. கேட்பதென்றால் முதலில் எழுதிவிட்டு, வேறு ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டும். நான் உபயோகமானவன் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அதுவரையாவது வைத்தியர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் கைக்காப்பைக் கழற்றிச் சடைமுத்துவுக்கு அணிவித்தான். அவை முழுதும் சிரித்தது. மருந்தீசர் வாயிலும் சிரிப்பு வந்துவிட்டது. தோற்றதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தம் வாயில் வந்த அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.